அச்சகத்துக்கு எந்தப் படத்தை எந்தக் கோப்பாகக் கொடுப்பது?

ஊர்க் கோயில் குடமுழுக்குக்கோ பள்ளியின் நூற்றாண்டுக்கோ சிறப்பு மலர் போடுவது என்று முடிவாகிவிட்டால், மலர்க் குழுவின் கணினியில் ஒரு ஃபோல்டர் மளமளவென்று நிரம்பத் தொடங்கும். வாழ்த்துரை வழங்கியவர்களின் படங்கள், கைபேசியில் எடுத்த விழாக் காட்சிகள், பழைய தலைமையாசிரியரின் கறுப்பு வெள்ளைப் படம், சங்கத்தின் சின்னம், விளம்பரம் கொடுத்த கடைக்காரர் வாட்ஸாப்பில் அனுப்பிய விசிட்டிங் கார்டு என்று எல்லாம் வந்து சேரும். கோப்புப் பெயர்களின் வால்களோ பலவிதம்: ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், பிடிஎஃப், ஹெச்இஐசி. திரையில் பார்க்கும்போது அத்தனையும் நன்றாகத்தான் இருக்கும். அச்சாகி வந்த பிறகுதான் ஒரு முகம் கட்டம் கட்டமாகவும், சின்னத்தின் ஓரம் பிசிறடித்தும், விளம்பரத்தின் தொலைபேசி எண் படிக்க முடியாமலும் இருப்பது தெரியவரும். அப்போது மலரின் ஆயிரம் பிரதிகளும் கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருக்கும்.

எந்த வடிவம் நல்லது, எது ஆகாது என்று மனப்பாடம் செய்துவைப்பதால் அதிகப் பயன் இல்லை. ஒரு படம் கைக்கு வந்தவுடன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது புள்ளிகளால் ஆன படமா, கோடுகளால் ஆன படமா? நம்மிடம் வந்து சேரும் வழியில் இது எதையாவது தொலைத்துவிட்டதா? படத்தில் இருப்பதை இழக்காமல் அச்சுத் தகடான பிளேட் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கோப்பு வடிவத்தின் வேலை. வழியில் தொலைந்ததை எந்த வடிவமும் மீட்டுத் தராது.

கேமராவிலும் ஸ்கேனரிலும் பிறப்பவை எல்லாம் புள்ளிப் படங்கள். பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு சதுரங்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டிருக்கும். எத்தனை பிக்சல்களோடு பிறந்ததோ அத்தனைதான் அந்தப் படத்தின் சொத்து. கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருள்களில் வரையப்படும் சின்னமும் தட்டச்சு செய்யப்படும் எழுத்தும் வேறு வகை. அங்கே பிக்சல் கிடையாது. கோடு எங்கே தொடங்குகிறது, எப்படி வளைகிறது, எங்கே முடிகிறது என்ற கணக்கு மட்டுமே சேமிக்கப்படுகிறது. இவற்றை வெக்டர் என்கிறோம். விசிட்டிங் கார்டில் அச்சிட்டாலும் பேருந்தின் பக்கவாட்டில் அச்சிட்டாலும் அதன் ஓரம் ஒரே கூர்மையோடு இருக்கும். மலரின் ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் அடுத்தடுத்து வரும். அவற்றை அவற்றுக்குரிய இயல்பிலேயே விட்டுவைப்பதுதான் முக்கியம்.

300 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஆஃப்செட் இயந்திரத்தின் நான்கு வண்ண அச்சில் வெளிர்நீலத்துக்கென்றோ மாநிறத்துக்கென்றோ தனி மை இல்லை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட். மையைக் கூட்டிக் குறைத்துப் பூசி நிழல் காட்டவும் அதனால் முடியாது. ஓரிடத்தில் மை விழும், இல்லையென்றால் விழாது. பிறகு ஒரு முகத்தின் நிழல் மெல்ல மெல்ல மாறுவதை எப்படிக் காட்டுகிறார்கள்? நுண்ணிய அச்சுப் புள்ளிகளால்தான். அடர்ந்த இடத்தில் புள்ளி பெரிதாகவும் வெளிறிய இடத்தில் சிறிதாகவும் விழும். வார இதழ் ஒன்றின் அட்டையைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகளும் பூப்போலக் கூடி நிற்பது தெரியும்.

இந்தப் புள்ளிகள் ஓர் அங்குலத்தில் எத்தனை வரிசைகளாக அமைகின்றன என்பதை அச்சகத்தில் ஸ்கிரீன் ரூலிங் என்பார்கள். செய்தித்தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும் என்பதால் பொதுவாக 85 முதல் 100 வரிசைகள்தான் வைப்பார்கள். பூச்சில்லாத மேப்லித்தோ தாளுக்கு 133, வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு 150 முதல் 175 என்பது வழக்கம். அச்சுப் புள்ளிகளின் ஒவ்வொரு வரிசைக்கும் படத்தில் இரண்டு பிக்சல்கள் இருந்தால் உருவம் தெளிவாக அமையும். 150-ஐ இரட்டித்தால் 300. அச்சகத்தில் எல்லோரும் கேட்கும் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், இந்தக் கணக்கில் பிறந்ததுதான். அதே கணக்கின்படி செய்தித்தாளுக்கு 200 இருந்தாலே போதும். தூரத்திலிருந்து பார்க்கப்படும் ஃபிளெக்ஸ் பேனருக்கு முழு அளவில் 72 முதல் 100 வரை இருந்தால் தாராளம். பேனருக்கும் 300 வைத்துக் கணினியைத் திணற அடிப்பதில் பொருள் இல்லை.

ஏ4 அளவுப் பக்கம் முழுவதும் ஒரு படத்தைப் போட வேண்டுமானால் 2480-க்கு 3508 பிக்சல்கள் தேவை. 12 மெகாபிக்சல் கைபேசிக் கேமரா 4032-க்கு 3024 பிக்சல்கள் தருகிறது. அதை 300-ஆல் வகுத்தால் 13 அங்குலத்துக்கும் சற்று அதிகமான நீளமும் 10 அங்குல அகலமும் கிடைக்கின்றன. ஆக, இன்றைய சாதாரணக் கைபேசிப் படமே, வெட்டாமல் அப்படியே கிடைத்தால், மலரின் முழுப் பக்கத்துக்குப் போதும். அது அப்படியே நம் கைக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல்.

டிபிஐ பற்றி இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்து 72 என்று இருப்பதை 300 என்று மாற்றிவிட்டால் படம் அச்சுக்குத் தயாராகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். ரீசாம்பிள் என்ற கட்டத்தில் குறி இல்லாமல் மாற்றினால், அதே பிக்சல்கள் இன்னும் சிறிய இடத்தில் நெருக்கமாக நிற்கும். வேறு எதுவும் நடக்காது. குறி இருக்கும்போது மாற்றினால், பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் புதிய பிக்சல்களை ஊகித்து நிரப்பும். எண்ணிக்கை பெருகும், விவரம் பெருகாது. ஆகவே கோப்பின் பண்புகளில் முதலில் பார்க்க வேண்டியது டிபிஐ அல்ல, நீள அகலத்தின் பிக்சல் எண்ணிக்கை.

ஜேபெக்: தேவைக்கு மேல் பழி சுமப்பது

ஜேபெக் 1992-இல் தரமாக ஏற்கப்பட்டது. மனிதக் கண்ணின் ஓர் இயல்பை அது பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்ச வேறுபாட்டை நம் கண் மிக நுட்பமாகப் பிரித்தறியும்; நிற வேறுபாட்டில் அவ்வளவு நுட்பம் இல்லை. எனவே ஜேபெக், படத்தை வெளிச்சம் தனியாகவும் நிறம் தனியாகவும் பிரிக்கிறது. நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதியாகவோ கால் பங்காகவோ குறைத்துவிடுகிறது. பிறகு படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத நுண்ணிய ஏற்ற இறக்கங்களை விட்டுவிடுகிறது. 300 டிபிஐயில் ஓர் ஏ4 பக்கப் படத்தைச் சுருக்காமல் வைத்தால் 26 எம்பி வரும். ஜேபெக்கில் அது சில எம்பியிலேயே அடங்கிவிடுகிறது.

இந்த உத்தி வானம், தோல், புடவை மடிப்பு, மரத்தின் இலைக்கூட்டம் ஆகியவற்றில் அழகாக வேலை செய்கிறது. அங்கெல்லாம் நிறம் படிப்படியாக மாறுகிறது அல்லது ஏற்கெனவே சிக்கலாக இருக்கிறது, போனது தெரியாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து வரும்போது அது தடுமாறுகிறது. எழுத்தின் ஓரம் சட்டென்று வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் தாவுகிறது. அந்தத் தாவலைச் சொல்லத் தேவையான நுண்தகவலைத்தான் ஜேபெக் முதலில் கைவிடும். அதனால் எழுத்தைச் சுற்றி அழுக்குத் தூசி படிந்ததுபோல் ஒரு கலங்கல் வருகிறது. சிவப்பு எழுத்தானால் நிறத் தகவலும் குறைந்துபோவதால் நிலைமை இன்னும் மோசம். விசிட்டிங் கார்டைப் படமெடுத்து அனுப்பும் விளம்பரங்கள் அச்சில் தோற்றுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜேபெக் என்றாலே தொழில்முறை அச்சுக்கு ஆகாது என்று சொல்லும் வடிவமைப்பாளர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேமராவிலிருந்து நேராக வந்த, போதிய பிக்சல்கள் உள்ள, உயர்ந்த தரத்தில் சேமிக்கப்பட்ட ஒரு வண்ணப் புகைப்படத்தை ஜேபெக்காகவும் டிஃப்பாகவும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், தாளில் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அச்சுப் புள்ளிகளே அந்தச் சிறு வேறுபாட்டை மறைத்துவிடும். புகைப்படத்துக்கு ஜேபெக் கொடுக்கலாம். ஃபோட்டோஷாப்பில் தரம் 12 வரை உள்ள அளவில் 10-க்குக் குறையாமல் சேமித்தால் போதும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஜேபெக்கைத் திறந்து, கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மேற்சொன்ன கழித்தல் மறுபடி நடக்கிறது. முதலில் ஒருவர் வெட்டிச் சேமிக்கிறார், அடுத்தவர் நிறம் திருத்திச் சேமிக்கிறார், மூன்றாமவர் பெயரைப் பொறித்துச் சேமிக்கிறார். மூன்று கை மாறிய பிறகு 8-க்கு 8 கட்டங்கள் கன்னத்தில் தெரியத் தொடங்குகின்றன. கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ, பென்டிரைவில் நகலெடுப்பதாலோ எதுவும் குறைவதில்லை. திருத்திச் சேமிக்கும்போதுதான் இழப்பு. திருத்த வேலை இருந்தால் முதலிலேயே டிஃப்பாகவோ ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டியாகவோ மாற்றிக்கொண்டு, வேலை முழுவதையும் அதில் செய்யுங்கள்.

வாட்ஸாப் இதைவிடப் பெரிய சல்லடை. படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது பிக்சல்களையும் குறைத்து, ஜேபெக் சுருக்கத்தையும் கூட்டிவிடும். முழுப் பக்கத்துக்குப் போதுமாயிருந்த படம் அரைப் பக்கத்துக்கும் காணாமல் போகும். 2023-இல் வந்த ஹெச்டி தெரிவில் இழப்பு குறைவு என்றாலும் சுருக்கம் இருக்கவே செய்கிறது. டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாமல் அப்படியே வரும். மலர்க் குழு முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியது இந்த ஒரு செய்திதான்: படத்தைப் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பவே வேண்டாம்.

அப்படிச் சுருங்கி வந்த ஜேபெக்கை டிஃப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டால் தரம் கூடிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நொய்யை நல்ல சாக்கில் கட்டி வைத்தாலும் நொய் நொய்தான். மாற்றிய கோப்பு பருமனாகும். உள்ளே இருப்பது அதே கலங்கிய படம்.

டிஃப், பிஎஸ்டி, பழைய படங்கள்

டிஃப் 1986-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் டிடிபி மையங்களில் நெடுங்காலம் கோலோச்சிய பேஜ்மேக்கரை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். ஸ்கேனரிலிருந்து பக்க வடிவமைப்புக்கு இழப்பில்லாமல் படத்தைக் கொண்டுபோவதற்கென்றே பிறந்த வடிவம் இது. நான்கு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கே, கறுப்பு வெள்ளை, 16 பிட் ஆழம் எல்லாவற்றையும் தாங்கும். சேமிக்கும்போது எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பிக்சலும் மாறாமல் கோப்பின் பருமன் மட்டும் ஓரளவு குறையும். சுருக்கம் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். இது எதையும் கழிக்காத சுருக்கம்.

டிஃப்பின் உண்மையான பெருமை பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது விளங்கும். பழைய தலைமையாசிரியரின் படம் இரண்டு அங்குல அகலத்தில்தான் கிடைத்திருக்கிறது, மலரில் ஆறு அங்குல அகலத்தில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு பெரிதாகப் போகிறது என்பதால் 300-ஐ மூன்றால் பெருக்கி 900-இல் ஸ்கேன் செய்ய வேண்டும். கறை, கீறல், மடிப்பு எல்லாவற்றையும் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பலமுறை திருத்திச் சேமிக்க வேண்டிய இந்த வேலைக்கு ஜேபெக் ஒத்துவராது, டிஃப்தான். அந்தப் படம் ஏற்கெனவே ஒரு பழைய மலரில் அச்சானது என்றால் ஸ்கேனரின் டிஸ்கிரீன் வசதியைப் பயன்படுத்துங்கள். பழைய அச்சுப் புள்ளிகளின் மேல் புதிய அச்சுப் புள்ளிகள் விழுந்தால் முகத்தில் வலைபோல் கோலம் விழும். மலர் முடிந்த பிறகும் அந்த டிஃப் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். பல ஊர்களில் அந்த மனிதரின் முகம் எஞ்சியிருப்பது அப்படி ஒரே ஒரு படத்தில்தான்.

கையெழுத்து, பென்சில் இல்லாத மைக்கோட்டு ஓவியம், பழைய முத்திரை போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. இவற்றில் சாம்பல் நிறம் தேவையில்லை. கறுப்பு, வெள்ளை இரண்டே போதும். ஸ்கேனரில் லைன் ஆர்ட் அல்லது பிட்மேப் என்ற தெரிவில், 1200 டிபிஐயில் எடுத்து டிஃப்பாகச் சேமித்தால், கோடுகள் அச்சுப் புள்ளிகளாக உடையாமல் கூர்மையாக விழும். ஒரு பிக்சலுக்கு ஒரு பிட்தான் என்பதால் கோப்பும் பயமுறுத்தும் அளவுக்குப் பெருக்காது.

உள்பக்கங்கள் ஒற்றை வண்ணத்தில் அச்சாகும் மலர் என்றால், படங்களைக் கறுப்பின் சாயல்கள் மட்டுமே உள்ள கிரேஸ்கேலாக மாற்றியே கொடுக்க வேண்டும். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் படம், கோப்புக்குள் மூன்று நிறங்களாகவே இருக்கலாம்.

பிஎஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேயர்கள் அழியாமல் இருக்கும், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் நேராகவே வைக்கலாம். உங்கள் கையில் இருக்க வேண்டிய மூலக் கோப்பு அது.

பிஎன்ஜியும் கறுப்பு எழுத்தும்

பிஎன்ஜி பிறந்த கதை சுவையானது. ஜிஃப் படங்களில் பயன்பட்ட சுருக்கமுறைக்கான காப்புரிமையைக் காட்டி 1994 இறுதியில் யுனிசிஸ் நிறுவனம் உரிமத்தொகை கேட்கத் தொடங்கியது. அதற்கு மாற்றாக, யாருக்கும் பணம் கட்ட வேண்டாத ஒரு வடிவத்தை இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். 1996-இல் அது தரமாக வெளிவந்தது. பிக்சலை இழக்காது, பின்னணி இல்லாத படத்தையும் தாங்கும். திரைக்கு அருமையான வடிவம். அதை உருவாக்கியவர்கள் திரையை மனத்தில் வைத்தே உருவாக்கினார்கள் என்பதால் சிஎம்ஒய்கே அதில் கிடையாது. வண்ணப் படம் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி முறை மட்டுமே.

புகைப்படத்துக்கு இது பெரிய தடையல்ல. சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும் இடத்தில் மாறிக்கொள்ளும். எழுத்து உள்ள படத்தில்தான் தொல்லை. திரையில் முழுக் கறுப்பு என்பது மூன்று நிற வெளிச்சமும் அணைந்த நிலை. அமெரிக்க அச்சுத் தரமான ஸ்வாப் அமைப்பில் ஃபோட்டோஷாப் அதை மாற்றும்போது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மைகளாகப் பிரிக்கிறது. கூட்டினால் 300 விழுக்காடு மை. வாழ்த்துரையை ஒருவர் பிஎன்ஜி படமாகக் கொடுத்திருக்கிறார் என்றால், அதன் ஒவ்வொரு பொடி எழுத்தும் நான்கு பிளேட்டுகளில் நான்கு முறை விழ வேண்டும். இயந்திரத்தின் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போகும்போது தாள் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் நிழல் தட்டும்.

இன்னொரு கேடும் இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தின் ஓரங்களில் வழவழப்புக்காகச் சாம்பல் நிறப் பிக்சல்கள் இருக்கும். சாம்பல் என்றால் அச்சில் புள்ளிகள்தான். ஆகவே ஓரம் முழுவதும் புள்ளிகளாக உடைகிறது. வெக்டராக வரும் எழுத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரம் அதைத் தன் முழு நுட்பத்தில், அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்ற அளவில், நேராக வரைந்துவிடும். 300-க்கும் 2400-க்கும் உள்ள இடைவெளியைத் தமிழ் எழுத்து உடனே காட்டிக்கொடுக்கும். மெய்யெழுத்தின் புள்ளி, ‘ணை’யின் சுழிகள், ‘ஞு’வின் வளைவு எல்லாம் எட்டு பாயின்ட் அளவில் எவ்வளவு சிறியவை என்று எண்ணிப் பாருங்கள். புள்ளி அடைபட்டால் க் என்பது க ஆகிவிடுகிறது. பிழை திருத்தியவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததெல்லாம் வீண். எழுத்தை ஒருபோதும் படமாகக் கொடுக்காதீர்கள். அச்சிடும் எழுத்தின் நிறம் கறுப்பு 100, மற்ற மூன்றும் சுழியம் என்று இருக்கட்டும்.

ஹெச்இஐசி, ஆப்பிள் கைபேசிகளில் 2017 முதல் வரும் வடிவம். தரத்தில் குறையில்லை, ஆனால் பல அச்சகக் கணினிகளில் திறக்காது. உயர்ந்த தரத்து ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ மாற்றிக் கொடுங்கள். கூகிளின் வெப்பி, இணையப் பக்கங்களிலிருந்து இறக்கும்போது வருவது. அங்கிருந்து எடுத்த படம் பெரும்பாலும் அச்சுக்குப் போதிய பிக்சல்கள் இல்லாதது. ஜிஃப்பில் 256 நிறங்களுக்கு மேல் இல்லை.

சின்னங்களும் எழுத்துருக்களும்

சங்கத்தின் சின்னம் கேட்டால் லெட்டர்ஹெட்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். சின்னத்தை முதலில் வரைந்தவரைத் தேடிப் பிடித்து, கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இபிஎஸ், எஸ்விஜி, பிடிஎஃப் இவற்றில் எதிலாவது மூலக் கோப்பைப் பெறுவது சிரமத்துக்குத் தகுந்த பலன் தரும். அந்த ஒரு கோப்பு கிடைத்துவிட்டால் மலர், நினைவுக் கேடயம், பேனர் எல்லாவற்றுக்கும் அது போதும். வால் மட்டும் இபிஎஸ் என்று இருந்து, உள்ளே ஒரு ஜேபெக் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் வெக்டர். படிக்கட்டாகத் தெரிந்தால் படம். மூலம் கிடைக்கவே இல்லையென்றால் ஒரு வடிவமைப்பாளரிடம் மறுபடி வரையச் சொல்லிவிடலாம். எளிய சின்னத்துக்கு அது பெரிய செலவல்ல.

தமிழ் எழுத்துருவில் கூடுதல் கவனம் வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்களில் அமைந்த எழுத்துருக்கள் இன்னும் அச்சகங்களில் புழங்குகின்றன. அவற்றில் ஒன்றான பாமினியில் நீங்கள் அமைத்த விளம்பரத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அமைத்தாலும் பழைய மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது உண்டு. திறந்த கோப்பாக, அதாவது கோரல் அல்லது இல்லஸ்ட்ரேட்டர் கோப்பாகக் கொடுப்பதானால் எழுத்துகளைக் கர்வ் ஆக மாற்றிக் கொடுங்கள். அப்போது எழுத்து வெறும் வரைகோடாகிவிடும், எந்தக் கணினியிலும் மாறாது. மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

கடைசியில் கொடுப்பது பிடிஎஃப்

இதுவரை சொன்னவை எல்லாம் பக்கத்துக்குள் வைக்க வேண்டிய சரக்குகள். அச்சகத்துக்குப் போக வேண்டியது பெரும்பாலும் பிடிஎஃப்தான். அடோபி 1993-இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008-இல் ஐஎஸ்ஓ தரமானது. புகைப்படத்தைப் பிக்சலாகவும், சின்னத்தை வெக்டராகவும், எழுத்தை எழுத்துருவோடும் ஒரே கோப்புக்குள் அதனதன் இயல்பில் வைத்திருப்பதுதான் இதன் சிறப்பு. எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் கர்வ் ஆக்கும் கவலையும் இல்லை. பக்கம் முழுவதையும் ஒரு பெரிய ஜேபெக்காக மாற்றிக் கொடுப்பவர்கள் இந்தச் சிறப்பைத்தான் தூக்கி எறிகிறார்கள். எழுத்து, சின்னம், படம் எல்லாம் ஒரே புள்ளிப் படமாகக் கலந்துவிடுகின்றன.

எல்லாப் பிடிஎஃப்பும் ஒன்றல்ல. மின்னஞ்சலில் அனுப்ப வசதியாக ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ் என்ற தெரிவில் எடுத்தால் படங்கள் சுருங்கிவிடும். வேர்டில் தயாரித்த பக்கங்களிலும் படங்கள் சொல்லாமலே சுருக்கப்படலாம். அதன் அமைப்புகளில் படச் சுருக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். அச்சுக்கென்றே வகுக்கப்பட்ட பிடிஎஃப் எக்ஸ் தரங்கள் இருக்கின்றன. 2001-இல் வந்த எக்ஸ்-1ஏ கண்டிப்பானது. நிறங்கள் எல்லாம் சிஎம்ஒய்கேவிலோ தனி மையிலோ இருக்க வேண்டும், எழுத்துரு பதிந்திருக்க வேண்டும், நிழல், மங்கல் போன்ற ஒளிபுகும் விளைவுகள் தட்டையாக்கப்பட வேண்டும். எக்ஸ்-4 பிற்காலத்தது, ஒளிபுகும் விளைவுகளை அப்படியே வைத்திருக்கும், நிறக் குறிப்போடு வரும் ஆர்ஜிபி படங்களையும் ஏற்கும். புதிய கருவிகள் உள்ள அச்சகம் எக்ஸ்-4 கேட்கும். பழைய அமைப்பில் ஓடும் அச்சகத்துக்கு எக்ஸ்-1ஏ பத்திரமானது. எது வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதே பேச்சில் நிறத்தைப் பற்றியும் கேட்டுவிடலாம். திரையில் பளீரென்று தெரியும் தூய நீலமும் கிளிப்பச்சையும் நான்கு மைகளால் எட்ட முடியாத இடத்தில் இருப்பவை. அந்த நீலம் தாளில் ஊதா சாயலோடு வரும், பச்சை சற்றே சோர்ந்து வரும். இது வடிவத்தின் குற்றமும் அல்ல, அச்சகத்தின் குற்றமும் அல்ல. எந்தப் புரொஃபைலுக்கு, அதாவது எந்த நிற வரையறைக்கு, மாற்ற வேண்டும் என்று அச்சகம் சொன்னால் அதற்கு மாற்றி, எவ்வளவு மாறுகிறது என்று திரையிலேயே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா39 பரவலாகப் பயன்படுகிறது. அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் நீங்களாக ஒன்றை ஊகித்து மாற்றாதீர்கள். புகைப்படங்களை ஆர்ஜிபியிலேயே, எஸ்ஆர்ஜிபி புரொஃபைலோடு கொடுத்து, மாற்றும் பொறுப்பை அவர்களிடமே விடுவது மேல். மூலப் படங்களை எப்போதும் ஆர்ஜிபியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சிஎம்ஒய்கேவுக்குப் போய்த் திரும்பினால் போன நிறங்கள் திரும்புவதில்லை.

அட்டைப்படமோ நிறப் பட்டையோ பக்கத்தின் விளிம்பு வரை போகிறது என்றால், வெட்டும் கோட்டைத் தாண்டி நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் இருக்க வேண்டும். இதைப் பிளீட் என்பார்கள். கட்டிங் இயந்திரத்தில் தாள் சற்று நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காப்பு. படத்தை வெட்டிச் சேமிக்கும்போதே இந்த அளவையும் சேர்த்து வெட்டுங்கள்.

பிடிஎஃப் தயாரானதும் அக்ரோபாட் புரோவில் அவுட்புட் பிரிவியூ என்ற வசதியைத் திறந்து பாருங்கள். நான்கு பிளேட்டுகளின் பெயர்களும் பட்டியலாக வரும். ஒவ்வொன்றையும் அணைத்தும் ஏற்றியும் பார்க்கலாம். கறுப்பை மட்டும் அணைத்தால் கட்டுரை எழுத்துகள் எல்லாம் பக்கத்திலிருந்து மறைந்துபோக வேண்டும். நிறம் மங்கிய எழுத்து ஏதாவது அங்கே தங்கி நின்றால், அது நான்கு மையில் அச்சாகப் போகும் எழுத்து. எந்தப் பக்கத்தில் யார் கொடுத்த விளம்பரம் என்று குறித்துக்கொண்டு, அதன் வாசகத்தைக் கேட்டு வாங்கித் தட்டச்சு செய்துவிடுங்கள். மொத்த மை 300 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களையும் அதே பெட்டி காட்டும். பெரும்பாலும் அவை இரவுக் காட்சிகளின் இருண்ட மூலைகளாக இருக்கும். மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டுவது அங்கேதான் தொடங்கும். அந்தப் படங்களின் நிழலைச் சற்றுத் தளர்த்தி, பிடிஎஃப்பை மறுபடி எடுத்து அனுப்புங்கள்.